வீட்டிலே விஞ்ஞானம்: சரிகை ஏன் கறுத்தது?

முகூர்த்தத்துக்கென்று ஆரணியில் எடுத்த பட்டுப் புடவை. பல வருஷம் கழித்து, மகளுக்குக் காட்டலாமென்று பெட்டியைத் திறக்கிறீர்கள். பட்டு அப்படியே பளபளக்கிறது. முந்தானைச் சரிகை மட்டும் கறுத்துக் கிடக்கிறது! "போலிச் சரிகையை வைத்து நெய்து ஏமாற்றிவிட்டார்களே!" என்று மனம் பதறுகிறது, இல்லையா? சற்றுப் பொறுங்கள். நெசவாளர்மீது பழி போடுமுன் ரசாயன சாஸ்திரத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

அசல் சரிகை முழுத் தங்கமல்ல. பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியதுதான் அது. தங்க உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி முலாம் பூசுகிறார்கள். அப்போது கரைசலிலுள்ள தங்க அயனி ஓர் எலெக்ட்ரானைப் பெற்று, பொன்னாகி வெள்ளிமேல் படிகிறது. இப்படி எலெக்ட்ரானைப் பெறுவதற்கு 'ஒடுக்கம்' என்று பெயர்.

பெட்டிக்குள் நடப்பதோ இதற்கு நேர்மாறு. முலாம் மிக மெல்லியது; கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் உண்டு. சாக்கடையிலிருந்து கிளம்பும் கந்தக வாயு அவற்றின் வழியே உள்ளே புகுகிறது. வெள்ளி தன் எலெக்ட்ரானை இழக்கிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. இழந்த வெள்ளியோடு கந்தகம் சேர்ந்து, வெள்ளி சல்பைடு என்ற கரிய பொருளாகிறது. எலெக்ட்ரானை இழப்பதுதான் 'ஆக்ஸிஜனேற்றம்'. முன்பு ஆக்ஸிஜனோடு சேர்வதை மட்டுமே அப்படி அழைத்தார்கள். 1897-ல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த பின்பே அதன் பொருள் விரிந்தது.

கல்யாண மொய் போலத்தான் இதுவும். ஒருவர் கொடுத்தால்தானே இன்னொருவர் வாங்க முடியும்? ஒரு பொருள் இழந்தால் இன்னொன்று பெற்றே தீரும்.

இதை உங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். பாத்திரத்தில் அலுமினியத் தாளைப் பரப்பி, கறுத்த வெள்ளிக் குங்குமச் சிமிழை அதன்மேல் படும்படி வையுங்கள். சமையல் சோடாவைப் போட்டு வெந்நீர் ஊற்றுங்கள். சற்று நேரத்தில் கறுப்பு மறையும். அலுமினியம் எலெக்ட்ரானைக் கொடுக்க, வெள்ளி அதைப் பெற்று மீண்டும் வெள்ளியாகிவிடுகிறது!

ஆனால், அருமைச் சகோதரிகளே, புடவைக்கு மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம். சோடாவின் காரம் பட்டைக் கெடுக்கும். புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தால் முலாமே போய்விடும். வருமுன் காப்பதே நல்லது. புடவையைத் தூய பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ரப்பர் பாண்டும் கம்பளியும் அருகே வேண்டாம். இரண்டிலும் கந்தகம் உண்டு.

கறுத்ததால் மட்டும் சரிகை போலி என்று ஆகிவிடாது. கறுப்பது வெள்ளியின் சுபாவம். பிளாஸ்டிக் சரிகை கறுக்காமலே இருக்கலாம். அதனால் அது அசலாகிவிடுமா? சந்தேகம் தீராவிட்டால், புடவைக்குச் சேதமில்லாமல் எக்ஸ்-ரே கருவியால் உலோகத்தின் அளவைப் பரிசோதிக்க வழியிருக்கிறது. அதுவரை ஆரணித் தறிக்காரரைத் திட்டாதீர்கள்!