புதுச்சேரியில் துப்பாக்கிப் பயிற்சி! வரம்பு கட்டிய சட்டம் இன்று எங்கே?

ஜெயமங்கலத்தில் நம் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து சிலம்பம் சுற்றினால், 'பயிற்சி முகாம்' என்று யாராவது மனு எழுதிப் போட்டுவிடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சும் காலம் இது. அந்த அச்சத்தோடு வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுங்கள், சகோதரர்களே!

1910ல் வ.வே.சு. ஐயர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கினார். அங்கே பழகிய வாஞ்சிநாதன்தான் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். வெள்ளையன் கொதித்தான். ஆனால் என்ன செய்ய முடிந்தது? பிரெஞ்சு எல்லைக்குள் ஒற்றர்களை நிறுத்தலாம், கைது செய்ய முடியாது. அடைக்கலம் தேடி வந்த அரசியல் அகதியை வெறும் சந்தேகத்தின் பேரில் பிடித்துக் கொடுக்க பிரெஞ்சுக்காரனும் இணங்கவில்லை. நெருக்கடி முற்றியபோது, அந்நியர்கள் உள்ளூர்ப் பிரமுகர்கள் ஐவரிடம் நற்சான்று வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கலவை சங்கரன் செட்டியார் முன்னின்று உதவ, பாரதியாரும் நண்பர்களும் அதையும் வாங்கிக் காட்டினார்கள். (செல்வாக்குள்ளவர் ஒருவர் துணிந்தால் என்ன நடக்கும் என்பதை நம் வணிகர்கள் கவனிக்க!) ஐயர் 1920 வரை அங்கேயே இருந்தார்.

சட்டத்தின் வரம்பு தடுத்ததும் வெள்ளையன் சட்டத்தையே மாற்றினான். அந்தப் புதுச்சேரிப் பயிற்சியையும் எழுதி வைத்த ரவுலட் குழுவின் அறிக்கையிலிருந்து 1919ல் பிறந்ததுதான், விசாரணையின்றிச் சிறையிலடைக்கும் ரவுலட் சட்டம்.

நட்பு நாட்டின் மீது போர் தொடுப்பதும் அதற்குத் துணைபோவதும் குற்றம் என்று 1860ன் தண்டனைச் சட்டமே 125ஆம் பிரிவில் சொன்னது. ஆனால் அரசு முன் அனுமதி தராமல் நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்க முடியாது. 1983க்குப் பின் ஈழப் போராளிகளுக்கு இந்திய அரசே ஆயுதப் பயிற்சி கொடுத்தது. சேலம் மாவட்டம் கொளத்தூரில் புலிகளின் முகாம் நடந்தது. அப்போது 125ஆம் பிரிவு எங்கே தூங்கியது? பயிற்சி குற்றமா இல்லையா என்பதை ஆட்சியாளரின் தேவைதான் முடிவு செய்தது!

இன்று சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2008ல் சேர்த்த 18ஏ பிரிவின்படி, பயங்கரவாதப் பயிற்சி முகாம் நடத்தினால் ஐந்தாண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. குற்றவாளியைத் தண்டியுங்கள், மறுப்பவர் யார்? ஆனால் 43டி பிரிவு, குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை சிறையில் வைக்க வழி செய்கிறது. போலீசின் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது என்கிறது. இந்தச் சட்டம் இல்லாமலே, 1998ல் கோவை குண்டுவெடிப்பு வழக்கில் கைதான அப்துல் நாசர் மதனி ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கிடந்து, 2007ல் விடுதலையானார். போன அந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

ஜமாஅத் நிர்வாகிகளே, இதை மனதில் பதியுங்கள். இச்சட்டத்தில் கைது செய்தால் கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2024 மே 15 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நம் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தால், முதலில் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள்!