முழு வருகைப் பரிசும் ஒரு விளையாட்டு வீரரும்



சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பு மாணவி ஒருத்தி கடுங்காய்ச்சலோடு பள்ளிக்கு வந்திருந்தாள். "விடுப்பு எடுத்தால் முழு வருகைப் பரிசு கிடைக்காது, டீச்சர்" என்றாள். அன்று அவளுடைய மன உறுதியை வகுப்பின் முன் பாராட்டினேன். நான் செய்தது சரிதானா என்னும் ஐயம், லூ கெரிக் என்பவரின் வரலாற்றைப் படித்தபோது எழுந்தது.

ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஏழைப் பெற்றோருக்கு 1903-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த கெரிக், நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் குழுவின் முதல் தளக் காப்பாளர். பந்தை அடித்தவர் ஓடி வந்து தளத்தை மிதிப்பதற்குள், தோழர்கள் எறியும் பந்தைத் தளத்தில் கால் பதித்தவாறே பிடிப்பது அவருடைய பணி. மட்டை வீச்சிலும் அவர் வல்லவர். 493 ஹோம் ரன்கள் அடித்தவர்.

1925 ஜூன் 1 முதல் 1939 ஏப்ரல் 30 வரை, ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் 2,130 ஆட்டங்களில் அவர் தொடர்ந்து ஆடினார். இச்சாதனை 1995-இல்தான் முறியடிக்கப்பட்டது. இவ்வளவில் நிறுத்தினால், முழு வருகைக்கு இவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

ஆனால், 1934 ஜூலையில் கடும் முதுகுவலியால் அவதியுற்ற அவர், ஒருமுறை மட்டும் மட்டை பிடித்துவிட்டு வெளியேறினார். தொடர்ச்சி அறுபடவில்லை, அன்று ஆட்டத்தைவிட எண்ணிக்கையே பெரிதாயிற்று.

1939-இல் அவருடைய உடல் தளர்ந்தது. முதல் எட்டு ஆட்டங்களில் நான்கு முறையே பந்தைச் சரிவர அடித்துத் தளம் சேர்ந்தார். மே 2 அன்று, எவரும் விலக்காமலேயே, தாமாகவே மேலாளரிடம் சென்று, குழுவின் நன்மைக்காகத் தம்மை ஆட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்றார். அடுத்த மாதமே, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நரம்பு நோய் என மருத்துவர்கள் கண்டறிந்தனர். 1941 ஜூன் 2 அன்று, 37-ஆம் வயதில் அவர் மறைந்தார். இன்று அந்நோய் அவர் பெயராலும் அழைக்கப்படுகிறது.

அந்த 2,130 ஆட்டங்களைவிட, "இன்று என்னால் இயலாது" என்று அவர் சொன்ன அந்த ஒரு நாளையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

பள்ளிக்குத் தவறாமல் வருதல் நற்பழக்கம். காரணமின்றி மட்டம் போடுதல் கேடு. இதில் இரு கருத்துக்கு இடமில்லை. எனினும், நோயுற்ற பிள்ளையின் ஓய்வு நாளைக் குறையாக எண்ணுவது முறையன்று. மருத்துவச் சான்றிதழோடு எடுத்த விடுப்பை முழு வருகைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். பெற்றோரும் பரிசுக்காகப் பிள்ளையைக் காய்ச்சலோடு அனுப்ப வேண்டா. அருகில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த மாணவியிடம் அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: "வீட்டுக்குப் போய் ஓய்வெடு, அம்மா. உன் இடம் உனக்காகக் காத்திருக்கும்."