படத்தை வரைவது யார்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றன. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத லேப்டாப் வைத்திருக்கும் பலர் அதற்குப் பிறகுதான் லினக்ஸ் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே இருப்பதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்ற யாருக்கும் மனம் வராது. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, விண்டோஸுக்கு உள்ளேயே ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது பாவனைக் கணினி, உண்டாக்கி, அதில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுப் பழகுவதுதான் நல்ல வழி. கேட்பவர்களுக்கெல்லாம் நானும் அதையே சொல்கிறேன்.

அப்படிப் போட்டுப் பார்த்தவர்கள் திரும்பி வந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "விண்டோவ இழுத்தா திக்கித் திக்கி வருது. லினக்ஸ் நமக்குச் சரிப்படாது சார்." இந்தத் தீர்ப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் பார்த்தது கிராபிக்ஸ் கார்டின் துணை இல்லாமல் ஓடிய லினக்ஸை. நேரடியாக நிறுவினால் அதே லேப்டாப்பில் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை.

நடப்பது இதுதான். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் லினக்ஸின் கண்ணுக்கு உங்கள் லேப்டாப்பின் நிஜமான கிராபிக்ஸ் கார்டு தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸ் காட்டும் ஒரு பாவனைக் கார்டுதான் தெரியும். 3டி ஆக்சிலரேஷன் இயங்காதபோது, திரையில் வரவேண்டிய ஒவ்வொரு புள்ளியையும் சிபியுவே கணக்குப் போட்டு வரைகிறது. 1920-க்கு 1080 என்ற திரையில் இருப்பவை சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 முறை அதைப் புதுப்பிப்பதென்றால் 12.4 கோடி. நீங்கள் ஒதுக்கிக்கொடுத்த இரண்டே கோர்கள், மற்ற வேலைகளுக்கு நடுவே இதையும் சுமக்கின்றன. ஆக்சிலரேஷன் இயங்கினால், உள்ளே இருக்கும் டிரைவர் 'இதை வரை, அதை நகர்த்து' என்ற கட்டளைகளை மட்டும் வெளியே அனுப்பும். நிஜமான கார்டு வரைந்துகொடுக்கும்.

ஆகவே எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: இப்போது படத்தை வரைவது யார்? விடை உபுண்டுவிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'அபவுட்', அதில் கணினியின் விவரங்கள். அங்கே 'கிராபிக்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். 'எல்எல்விஎம்பைப்' என்றோ 'சாஃப்ட்வேர் ரெண்டரிங்' என்றோ இருந்தால், வரைவது சிபியு. 'எஸ்விஜிஏ3டி' என்று தொடங்கினால் ஆக்சிலரேஷன் வேலை செய்கிறது. எஸ்விஜிஏ3டி-யின் முழுப்பெயரின் கடைசியில் 'எல்எல்விஎம்' என்ற எழுத்துகளும் சில சமயம் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பெயரின் தொடக்கம்தான் கணக்கு.

சிபியுதான் வரைகிறது என்று தெரிந்தால், விர்ச்சுவல் மெஷினை முழுவதுமாக ஷட்டவுன் செய்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸின் 'டிஸ்ப்ளே' பகுதிக்குப் போங்கள். வீடியோ மெமரி பல சமயம் 16 எம்பி என்றே இருக்கும். அதை 128-க்குக் கொண்டுபோங்கள். கிராபிக்ஸ் கன்ட்ரோலர், உள்ளே இருப்பது லினக்ஸ் என்றால் 'விஎம்எஸ்விஜிஏ', விண்டோஸ் என்றால் 'விபாக்ஸ்எஸ்விஜிஏ'. 2018 டிசம்பரில் வந்த 6.0 பதிப்பிலிருந்து இந்தப் பிரிவு இருக்கிறது. பிறகு '3டி ஆக்சிலரேஷன்' கட்டத்தில் டிக். லினக்ஸுக்கு வேண்டிய டிரைவர் அதன் கெர்னலோடும் மேசா என்ற கிராபிக்ஸ் நூலகத்தோடும் ஏற்கெனவே வருகிறது. உள்ளே விண்டோஸ் என்றால் விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவியே ஆகவேண்டும். மறுபடி ஆன் செய்ததும் அதே 'கிராபிக்ஸ்' வரியைத் திரும்பப் பாருங்கள். வரி மாறாத வரையில், போட்ட டிக்குக்குப் பலன் இல்லை.

வரி மாறியும் வேகம் வரவில்லையா? விர்ச்சுவல் மெஷின் விண்டோவின் வலது கீழ் மூலையைக் கவனியுங்கள். வரிசையாக நிற்கும் சின்னங்களில் ஒரு பச்சை ஆமை தெரிந்தால், சிக்கல் கிராபிக்ஸில் இல்லை. விண்டோஸ் தன் சொந்த விர்ச்சுவல் மெஷின் ஏற்பாடான ஹைப்பர்-வி-யை ஓட்டிக்கொண்டிருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் ஏறி மெதுவாக நடக்கிறது என்று பொருள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2, விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள 'மெமரி இன்டெக்ரிட்டி' போன்றவை இதற்குக் காரணமாகலாம். மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு வசதி. அதை அணைப்பதா, மெதுவான வேகத்தோடு இருப்பதா என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

டிக் போட்டதும் திரை கறுப்பாகிவிட்டால் டிக்கை எடுத்துவிட்டு உள்ளே போங்கள். லேப்டாப்பின் கிராபிக்ஸ் டிரைவரையும் விர்ச்சுவல்பாக்ஸையும் அப்டேட் செய்த பிறகு மறுபடி போட்டுப் பார்க்கலாம். உபுண்டு 24.04 என்றால், பாஸ்வேர்டு கேட்கும் திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி 'எக்ஸ்ஆர்க்' என்பதைத் தேர்ந்தெடுப்பதும் பலமுறை கைகொடுக்கும்.

ஆக்சிலரேஷனால் ஆகாதவையும் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓடும் உபுண்டுவில் யூடியூப் வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலை பெரும்பாலும் அப்போதும் சிபியுவின் தலையில்தான். 1080-லிருந்து 720-க்கு இறங்கினால் நிம்மதியாகப் பார்க்கலாம். சில மென்பொருள்கள் ஆக்சிலரேஷன் இருக்கும்போதுதான் திறக்க மறுக்கும். 3டி மென்பொருளான பிளெண்டர் 4.0 கேட்பது ஓபன்ஜிஎல் என்ற கிராபிக்ஸ் தரத்தின் 4.3 பதிப்பு; விர்ச்சுவல்பாக்ஸைப் போன்ற இன்னொரு மென்பொருளான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 16 தந்ததோ 4.1 வரைதான், 17-ல்தான் 4.3 வந்தது. சிபியுவில் வரையும் எல்எல்விஎம்பைப் 4.5 வரை தரும். ஆகவே டிக்கை எடுத்தால் அதே பிளெண்டர் மெதுவாகவாவது திறக்கும். வேகம் வேறு, வசதி வேறு என்பதை இங்கே கண்ணெதிரே காணலாம்.

லினக்ஸிலேயே கேவிஎம் வைத்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவர்களுக்கு இரண்டு டிக். விர்ட்-மேனேஜரில் வீடியோ 'விர்ட்ஐஓ' என்று இருக்க, அங்கே 3டி ஆக்சிலரேஷன். ஸ்பைஸ் டிஸ்ப்ளேயில் ஓபன்ஜிஎல். கூடவே 'லிசன் டைப்' என்பதை 'நன்' ஆக்கவேண்டும். மறந்தால் பல பதிப்புகளில் மெஷின் எழவே எழாது. வரைந்த படம் அந்தக் கணினியின் கிராபிக்ஸ் கார்டிலேயே இருந்துவிடுவதால், நெட்வொர்க் வழியே வேறொருவருக்குக் காட்டும் வழியை மூடினால்தான் அவற்றில் இது ஓடும்.

இவ்வளவு பயனுள்ள டிக்கை ஏன் முதலிலேயே போட்டுத் தரவில்லை? பாதுகாப்பும் ஒரு காரணம். உள்ளே இருப்பவர் அனுப்பும் கட்டளை வெளியே உள்ள நிஜ டிரைவர் வரை போகிறது. 2009-ல் கோஸ்ட்யா கோர்ச்சின்ஸ்கி என்ற ஆய்வாளர், விஎம்வேரின் பாவனைக் கார்டில் இருந்த ஓட்டை வழியாக விர்ச்சுவல் மெஷினிலிருந்து வெளியேறிக் காட்டினார். விர்ச்சுவல் மெஷின்களுக்கு நிஜ கார்டைப் பகிர்ந்து தந்த தன் ரிமோட்எஃப்எக்ஸ் விஜிபியு வசதியை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக் குறைகளுக்காக 2020 ஜூலையில் முடக்கி, அடுத்த ஆண்டு நீக்கியேவிட்டது. நம்பிக்கையில்லாத மெஷினுக்கு 3டி கொடுக்காதீர்கள் என்று விர்ச்சுவல்பாக்ஸின் கையேடே எச்சரிக்கிறது. உபுண்டு பழகவா? தயங்காமல் டிக் போடுங்கள். சந்தேகத்துக்குரிய ஃபைலைத் திறந்து சோதிக்கவா? எடுத்துவிடுங்கள்.

கல்லூரி லேப்களில் விர்ச்சுவல் மெஷின் கற்றுத்தரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பில் லினக்ஸ் நிறுவச் சொல்லித்தந்ததும், அந்த 'கிராபிக்ஸ்' வரியை ஒவ்வொரு மாணவரையும் படிக்கச் சொல்லுங்கள். டிக் போடும் முன்பு ஒரு முறை, போட்ட பின்பு ஒரு முறை. மெதுவாக இருக்கிறது என்றதும் ராம் வாங்கவோ லினக்ஸைக் கைவிடவோ ஓடாமல், வேலையை யார் செய்கிறார் என்று முதலில் பார்க்கும் பழக்கம் அன்றே வந்துவிடும். சர்வரோ டேட்டாபேஸோ, நாளை அவர்கள் எதைப் பழுதுபார்க்க உட்கார்ந்தாலும் முதலில் தேவைப்படப்போவது அந்தப் பழக்கம்தான்.