சுப்ராவும் தூய இரத்தமும்

டொயோட்டா சுப்ராவின் ஐந்தாம் தலைமுறை 2019இல் வெளிவந்த நாள்முதல் ஒரு குற்றச்சாட்டு ஓயாது ஒலிக்கிறது. அது சுப்ராவே அல்லவாம். ஜப்பானிய உடை தரித்த ஜேர்மன் காராம். எஞ்சின் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தினுடையது, அடித்தளம் அந்நிறுவனத்தின் இசட்4 காருடன் பகிரப்பட்டது, பொருத்தப்பட்டது ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில். இத்தனையும் உண்மை. இவற்றிலிருந்து அன்பர்கள் பெறும் முடிவோ தவறு.

இவர்கள் பீடத்தில் ஏற்றி வழிபடுவது 1993 முதல் 2002 வரை தயாரான நான்காம் தலைமுறையை. அதன் 2ஜேஇசட் எஞ்சின் பெருமைக்குரியதே. மூன்று லீற்றர் கொள்ளளவு, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள், இரட்டை டர்போ. அமெரிக்காவில் 320 குதிரைவலு என விற்கப்பட்ட அந்த எஞ்சினிலிருந்து, கைதேர்ந்தோர் இருமடங்கு வலுவைக் கறந்தபோதும் வார்ப்பிரும்பு உடல் தாக்குப்பிடித்தது. ஆனால், சேகரிப்பாளர்கள் மேலதிக விலை கொடுத்துத் தேடும் அதன் ஆறுவேகக் கியர்பெட்டி யாருடையது? கெட்ராக் என்னும் ஜேர்மனிய நிறுவனத்தினுடையது! டொயோட்டாவின் புகழ்பெற்ற 2000ஜிடி காரும் யமஹாவின் கைபட்டு உருவானதுதான். (தூய இரத்தம் பற்றிய பேச்சை எந்த விடயத்தில் கேட்டாலும் எனக்கு ஐயமே எழுகிறது.)

1978இலிருந்து சுப்ராவின் அடையாளம் அந்த வரிசை ஆறு சிலிண்டர். பெற்றோலில் ஓடும் அவ்வகை எஞ்சினை டொயோட்டா கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன, பி.எம்.டபிள்யூ அதைப் பேணி வைத்திருந்தது. ஆக, மரபைக் காக்கவே ஜேர்மனிக்குப் போக நேர்ந்தது.

புதிய காரைக் குறைகூறக் காரணங்கள் இல்லாமல் இல்லை. இரண்டு லீற்றர், நான்கு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய மலிவுப் பதிப்புகளுக்கும் சுப்ரா என்ற பெயரைச் சூட்டியது அநியாயம். கையால் மாற்றும் கியர்பெட்டிக்கு 2022 வரை காத்திருக்க வைத்தது அதைவிடப் பெரிய அநியாயம். பழையதில் பெயருக்கேனும் இருந்த பின்னிருக்கையும் போயிற்று. ஓட்டிப் பார்ப்பவனுக்கு முதலில் உறைப்பவை இவை. இரத்தப் பரிசோதகர்களின் பட்டியலில் இவை கடைசியில்தான் வருகின்றன.

பழைய சுப்ரா அமெரிக்கச் சந்தையிலிருந்து 1998இல் மீளப்பெறப்பட்டது. வாங்குவார் குறைந்து போயினர். இன்றைய பக்தர்கள் அன்று எங்கே இருந்தார்கள்? 2001இல் ஹொலிவூட் படமொன்றில் பந்தயம் ஓடிய பின்னரே பலருக்கு ஞானம் பிறந்தது. அப்படத்தில் தோன்றிய செம்மஞ்சள் நிறக் கார் 2021இல் லாஸ் வேகாஸ் ஏலத்தில் 550,000 டொலருக்குப் போனது. அவ்விலை திரைப்படத்துக்கும் மறைந்த நடிகர் போல் வோக்கரின் நினைவுக்கும் உரியது. ஆனால் அதன் நிழலில், திரையையே காணாத சாதாரண சுப்ராக்களும் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டின. குறைவாக ஓடியதற்கே கூடிய விலை என்பதால், ஓடப் பிறந்த இயந்திரங்கள் போர்வைக்குள் முடங்கின.

2020இல் டொயோட்டா, நான்காம் தலைமுறைக்கான சில உதிரிப்பாகங்களை மீண்டும் தயாரித்து விற்கத் தொடங்கியது. அவற்றை வாங்கிப் பூட்டி இன்னமும் தெருவில் ஓட்டுகிறவர்களோடு எனக்குச் சச்சரவில்லை.