ஃப்ரீசருக்கும் ஒரு முள் வேண்டும்

பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்பேட்டையிலும் கரண்ட் போனதைக் காதே சொல்லிவிடும். விசைத்தறிச் சத்தம் சட்டென்று அடங்கும். கடை மூலையில் நிற்கும் ஃப்ரீசர் அப்படி எதையும் சொல்வதில்லை. பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்கு நிறுத்தப்படும் மின்சாரம் மாலையில் திரும்புகிறது. அதற்குள் வாடிக்கையாளருக்காகப் பத்து முறை திறந்து மூடிய பெட்டியில் இளகிப்போன கோழிக்கறி, ராத்திரியில் மறுபடி கல்லாகிவிடும். மறுநாள் வாங்குகிறவருக்கு அது நேற்று பட்ட பாடு தெரியாது.

பட்டாணிப் பாக்கெட் ஒன்றுதான் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். ஒழுங்காக உறைந்த பட்டாணியைக் குலுக்கினால் கோலிக்குண்டு போல உருளும். ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு, உள்ளே பனித்தூள் படிந்திருந்தால் பெரும்பாலும் அது ஒருமுறை உருகி மீண்டும் உறைந்தது. பட்டாணியில் இதைக் கண்டுபிடிக்கலாம். கறியில், மீனில் எப்படிக் கண்டுபிடிப்பது?

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாவதில்லை, தூங்குகிறது. 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குள் அது விழித்துப் பெருகும். கோடையில் வெயில் பட்டியலின் உச்சியில் அடிக்கடி இடம்பிடிப்பது நம் பக்கத்துத் திருத்தணி. அங்கே வாங்கிய கறி பஸ் ஏறி வீடு சேருவதற்குள் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. "நல்லாக் கொதிக்க வெச்சா சரியாப்போயிடும்" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் ஆறுதல். கிருமி சாகலாம். ஆனால் சில கிருமிகள் விட்டுச்சென்ற நஞ்சு கொதியிலும் அழியாது. வெளியிலேயே கிடந்த சோற்றிலும், குளிர் விட்டுப்போன மீனிலும் உருவாகும் நஞ்சு அப்படிப்பட்டது.

கறிக்கடைக்காரர் நிறுக்கும்போது தராசைப் பார்க்கிறோம். அந்தத் தராசுக்கு முத்திரை உண்டு, அதைச் சோதிக்க அதிகாரி உண்டு, குறைந்தால் அபராதம் உண்டு. 50 கிராம் குறைந்தால் சண்டை போடும் நமக்கு, அதே கறி எவ்வளவு குளிரில் இருந்தது என்று கேட்க வழியே இல்லை. உறைந்த உணவு மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும் என்பது விதி. அது வாங்குகிறவர் கண்ணில் படுவதில்லை. ஆகவே நாம் கேட்பது இதுதான்: உறைந்த உணவு விற்கும் ஒவ்வொரு கடையிலும், வாடிக்கையாளரைப் பார்த்தபடி ஒரு வெப்பமானி இருப்பதைத் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை கட்டாயமாக்க வேண்டும். உரிமமோ பதிவுச் சான்றோ தரும்போதே இதை நிபந்தனையாகச் சேர்க்கட்டும்.

சோதனை இப்போதும் நடக்கிறதே என்பார்கள். எப்போது நடக்கிறது? 2021 டிசம்பரில், நம் மாவட்டத்திலேயே, பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பிட்ட பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சக தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் நாடே அந்தச் சமையலறையைத் திரும்பிப் பார்த்தது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள், உடனே ஊரெல்லாம் சோதனை. ஒரு பிள்ளை சாகும்வரை காத்திருக்கும் கண்காணிப்பு நமக்கு வேண்டாம். வெப்பமானி இருந்தால் கடைக்கு வரும் ஒவ்வொருவரும் ஆய்வாளர்தான்.

சின்னக் கடைக்காரர் தலையில் இன்னொரு செலவா என்ற கேள்வி நியாயமானது. கரண்ட் போவது அவர் குற்றமும் அல்ல. ஆனால் வெப்பமானியின் விலை சில நூறு ரூபாய்தான். ஐஸ்கிரீம் கம்பெனிகள் பல கடைகளுக்கு ஃப்ரீசரையே கொடுத்து வைத்திருக்கின்றன, அவர்களே இதையும் பொருத்தித் தரட்டும். மின்வாரியமும் மின்நிறுத்தத்தை முதல்நாளே பள்ளிப்பட்டுக் கடைவீதியில் ஒலிபெருக்கியில் சொல்லட்டும், அன்றைக்குச் சரக்கைக் குறைத்து வாங்க அவருக்கு உதவும்.

வீட்டுக்குள் நடப்பதற்குத் துறையைக் குறை சொல்ல முடியாது. கம்பெனி பஸ்ஸுக்கு விடியற்காலையில் கிளம்பும் வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு புதன்வரை ஓடுகிறது. அதில் தவறில்லை. அதைப் பெரிய குண்டானோடு உள்ளே வைப்பதுதான் தவறு, நடுக்குழம்பு ஆற நெடுநேரம் பிடிக்கும். சின்னச் சின்ன டப்பாக்களில் ஊற்றி, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கோடையில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பச்சைக்கறியை அரைக்கிலோ அரைக்கிலோவாகப் பிரித்து உறைய வைத்தால், வேண்டியதை மட்டும் எடுக்கலாம். முதல்நாள் ராத்திரியே அதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்தால் போதும், சமையல் மேடையில் இளக வைக்க வேண்டியதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலடித்தபோது சென்னையிலும் நம் மாவட்டத்திலும் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24. ஊருக்குப் போயிருந்த நேரத்தில் கரண்ட் எவ்வளவு நேரம் போனது என்று எப்படித் தெரியும்? ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் சமைக்கலாம். பனிக்கட்டிக்குள் அடியில் கிடந்தால், கறி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் குப்பையில் போடுங்கள்.