மரம் வெட்டினால் மான் போய்விடுமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மான் வேட்டைக்காலம் தொடங்கும்போது மலையோர ஊர்களின் பள்ளிகள் பல விடுமுறையே விட்டுவிடும். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையும் ஒரே காட்டில் பரண் கட்டிக் காத்திருக்கும் ஊர்கள் அவை. அங்கே வேட்டைக்காரர்களிடம் ஊறிப்போன பேச்சு ஒன்று உண்டு: 'காட்டுக்காரர் மரத்தை விற்றார், அன்றோடு மானும் போச்சு.' மாநிலத்தின் காட்டில் சுமார் 70 சதவீதம் தனியார் கையில் இருப்பதால் இதைத் திண்ணைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. இதை நம்பியே வெட்ட வேண்டிய மரத்தையும் வெட்டாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. வேட்டைக்குக் குத்தகை எடுத்தவர்கள் போய்விடுவார்களோ என்று தயங்குபவர்களும் உண்டு. இந்த நம்பிக்கை தவறு. காட்டுக்கும் மானுக்கும் கெடுதல் செய்கிற தவறு.

நம் ஊர் வாசகருக்கு ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மானைச் சுடுவது சிறைக்கு அனுப்பும் குற்றம். அது அப்படியே இருக்கட்டும். பென்சில்வேனியாவின் நிலை வேறு. ஓநாயும் பூமாவும் அங்கே 19ஆம் நூற்றாண்டோடு ஒழிந்துபோயின. வெள்ளைவால் மானின் பெருக்கத்துக்கு இன்று பெரிய தடை, உரிமம் பெற்ற வேட்டைக்காரர் மட்டுமே.

குற்றச்சாட்டுகளில் முதலாவது இரைச்சல். ரம்பச் சத்தத்திலும் லாரி நடமாட்டத்திலும் மிரண்ட மான் அந்தப் பக்கமே திரும்பாது என்கிறார்கள். குளிர்காலத்தில் மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பகலில் சாய்த்த மரத்தின் உச்சிக் கொப்புகளை மொய்க்க இரவுக்குள் மான்கள் வந்துவிடும். அறுபதடி உயரத்தில் எட்டாமல் இருந்த மொட்டும் இளங்கிளையும் தரைக்கு வந்துவிட்டனவே! பெண்மான் தான் பிறந்த வட்டாரத்தை எளிதில் விடுவதில்லை. சத்தம் கேட்டால் சற்று விலகி நிற்கும். சத்தம் ஓய்ந்தால் வந்துவிடும்.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. வானளாவிய மரங்கள், நிழல், அமைதி: இதுதான் மானின் வீடு, அதை வெட்டுவது வீட்டை இடிப்பது என்ற எண்ணம். கண்ணுக்கு அழகான காட்டை மானுக்கும் நல்ல காடு என்று எடுத்துக்கொள்வதால் வரும் பிழை இது. மேலே கிளைகள் கோத்து மூடிய காட்டுக்குள் நின்று தரையைப் பாருங்கள். சருகு, பாசி, பெரணி. மானின் வாய்க்கு எட்டுவதெல்லாம் தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்துக்குள்தான். வளர்ந்த மான் நாளொன்றுக்கு இரண்டு மூன்று கிலோ தழையும் கொழுந்தும் தின்றாக வேண்டும். அந்த நிழலுக்குள் அவ்வளவு எங்கே முளைக்கும்?

வெட்டிய இடத்துக்கு அடுத்த வேனிலில் போய்ப் பார்த்தால் விஷயம் புரியும். ரெட் மேப்பிள் மரத்தின் அடிக்கட்டையைச் சுற்றிக் கற்றைகற்றையாக மறுதாம்பு கிளம்பியிருக்கும். அவற்றில் பாதிக்கு நுனி இருக்காது. கிள்ளப்பட்ட இடத்தைக் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். முயல் கடித்திருந்தால் கத்தியால் சீவியதுபோல் சாய்வான வெட்டு தெரியும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. இழுத்துப் பிய்த்துத்தான் தின்னும். ஆகவே நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். 'மான் போச்சு' என்று சொல்லப்படும் நிலத்திலேயே மானின் வாய்த்தடம் இப்படிக் கட்டைக்குக் கட்டை பதிந்திருக்கிறது.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் பென்சில்வேனியாவில் மான் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. கட்டுப்பாடில்லாத வேட்டை அதற்குப் பெரிய காரணம். 1895இல் மாநில வேட்டை ஆணையம் அமைந்தது. 1906இல் மிச்சிகனிலிருந்து மான்களை வரவழைத்துக் காட்டில் விட்டார்கள். 1907 முதல் பெண்மானைச் சுடத் தடை வந்தது. அதே காலத்தில்தான் மாநிலத்தின் வடபகுதி முழுவதும் ரயில்பாதை போட்டு மொட்டையாக வெட்டப்பட்டது. பலகைக்கு மரம் போயிற்று. தோல் பதனிடும் தொழிலுக்கு ஹெம்லாக் மரப்பட்டை போயிற்று. மிஞ்சிய இடத்தைப் 'பென்சில்வேனியாப் பாலைவனம்' என்றே அழைத்தார்கள். அந்த வெட்டை நான் நியாயப்படுத்தவில்லை, அது கொள்ளை. ஆனால் அந்த நிலத்தில் கிளம்பிய புதர்க்காட்டில்தான் மான்கூட்டம் பெருகியது. 1920களில் பயிர்களை அழிக்கும் அளவுக்குப் பெருகி, பெண்மானையும் சுட அனுமதிக்க வேண்டியதாயிற்று. பிறகு அந்த இளங்காடு வளர்ந்து உச்சி மூடியபோது தரையில் தீனி அற்றது. குளிர்காலங்களில் மான்கள் பட்டினியில் செத்தன. காடு 'காடாக' மாறியபோதுதான் மான் பட்டினி கிடந்தது என்பதை இந்தப் பேச்சைப் பேசுபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். அதே வேட்டை ஆணையம் சுமார் 15 லட்சம் ஏக்கர் நிலத்தை வேட்டைக்கென்றே வைத்திருக்கிறது. அந்த நிலத்தில் ஆண்டுதோறும் மரம் வெட்டி விற்கிறது. வனவிலங்கைக் காப்பதற்கென்றே அமைந்த அமைப்பு அது. மரவெட்டு மானை ஒழித்துவிடும் என்றால் அதைத் தன் கையால் செய்யுமா?

மூன்றாவது குற்றச்சாட்டு, ஓக் மரத்தை வெட்டினால் மானுக்குக் கொட்டை போய்விடும் என்பது. இதில் நியாயம் கொஞ்சம் உண்டு. ஒரு காலத்தில் அந்த மலைகளில் அமெரிக்கச் செஸ்ட்நட் மரம் ஆண்டு தவறாமல் கொட்டை உதிர்த்தது. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த இனத்தையே சாய்த்துவிட்டது. அன்றிலிருந்து இலையுதிர் காலத்தில் மானுக்குக் கொழுப்பு ஏற்றுவது ஓக் கொட்டைதான். அந்த மரத்தை வெட்டாதீர்கள் என்று வேட்டைக்காரர் கேட்பது புரிகிறது. ஆனால் ஓக் எல்லா ஆண்டும் காய்ப்பதில்லை. ஓர் ஆண்டு கொட்டித் தீர்க்கும், அடுத்த சில ஆண்டுகள் ஏமாற்றும். காய்ப்பு மரத்தின் தலைவிரிவைப் பொறுத்தது. நெருக்கியடித்து நிற்கும் ஓக் ஒல்லியாக மேலே போகுமே தவிர அதிகம் காய்க்காது. பக்கத்து மரங்களை எடுத்து வெயில் விழவைத்தால் தலை விரிந்து காய் கூடும். கொட்டைக்காகவே சில மரங்களை வெட்டியாக வேண்டும். வெள்ளை ஓக் அதே ஆண்டில் கொட்டையை முதிர்விக்கும். சிவப்பு ஓக்குக்கு இரண்டு ஆண்டு ஆகும். இரண்டையும் கலந்து நிறுத்தினால் ஒன்று பொய்த்த ஆண்டில் மற்றது கைகொடுக்கும். இதைத் தீர்மானிக்கும் தருணம், வெட்டுக்கு முன் மரத்துக்கு மரம் வண்ணப்பூச்சால் குறியிடும் நேரம்தான்.

'வெட்டிய பிறகு எங்கள் பரணிலிருந்து மானே தென்படவில்லையே' என்பது அடுத்தது. தென்படாதது உண்மை. மூன்றாம் ஆண்டுக்குள் வெட்டிய இடம் முள்ளும் நாற்றுமாக ஆளுயரம் மண்டிவிடும். மான் அதற்குள் படுத்திருக்கும். முன்பு நூறு கஜம் தெரிந்த இடத்தில் இப்போது பத்து கஜம் தெரியாது. பரணை அந்தப் புதரின் விளிம்புக்கு மாற்ற வேண்டும்.

வடக்கே போனால் நானும் கொஞ்சம் இறங்கிவர வேண்டியிருக்கிறது. மெய்ன் மாநிலத்திலும் மிச்சிகனின் மேல் தீபகற்பத்திலும் கடும் பனிக்காலத்தில் மான்கள் அடர்ந்த ஹெம்லாக், செடார் தோப்புகளில் ஒண்டிக்கொள்கின்றன. பனியைத் தலையில் தாங்கிக்கொண்டு, கீழே நடமாட இடம் விடும் மரங்கள் அவை. அந்தத் தோப்பை வெட்டினால் அந்த வட்டாரத்து மான்கள் தாங்காது. அங்கே 'வெட்டாதே' என்ற குரலோடு நானும் சேர்ந்துகொள்வேன். அது குறிப்பிட்ட ஒரு தோப்புக்கான நியாயம். அதைப் பென்சில்வேனியாவின் ஓக் மலைக்குத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

கடைசிக் கூற்றுதான் எனக்குக் கோபமூட்டுவது. 'எல்லாவற்றையும் வெட்டவில்லை, பருத்த மரங்களை மட்டும் எடுத்தோம், சின்னதுகள் வளரட்டும்' என்று பெருமையாகச் சொல்வார்கள். கேட்பதற்கு மிதமாக இருக்கிறது. அந்த மலைகளில் பெரும்பாலான காடு ஒரே காலத்தில் வெட்டப்பட்டு ஒரே காலத்தில் முளைத்தது. ஆகவே பருத்த மரத்துக்கும் மெலிந்த மரத்துக்கும் பெரும்பாலும் ஒரே வயது. மெலிந்தது குழந்தை இல்லை, போட்டியில் தோற்றது. தேறிய மரத்தையெல்லாம் விற்றுவிட்டுத் தோற்றதை நிறுத்திவைப்பது, விதைநெல்லை விற்றுவிட்டுப் பதரை விதைப்பதற்குச் சமம். விலைபோகும் ஓக் போய்விடும், கொட்டையும் போகும். மிஞ்சிய மரங்களின் நிழலோ தரையில் தழையும் வரவிடாது. மரவெட்டு மான் வேட்டையைக் கெடுக்கிறது என்ற பழிக்கு உண்மையில் உரியது இந்த வெட்டுதான். ஆனால் இதைத்தான் 'நிதானமான வெட்டு' என்று பாராட்டுகிறார்கள்.

நல்ல வெட்டும் வீணாகிவிடும், மான் மிகுந்தால். வடமேற்குப் பென்சில்வேனியாவில் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் பத்து ஆண்டுகள் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவுகள் 2003இல் வெளியாயின. வேலியிட்ட காட்டுத் துண்டுகளில் சதுர கிலோமீட்டருக்கு 4, 8, 15, 25 மான் என்ற கணக்கில் விட்டு, ஒரு பகுதியை முழுவதும் வெட்டி, ஒரு பகுதியில் இடையிடையே வெட்டி, மீதியை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். மான் கூடக்கூட நாற்றுகளின் வகை குறைந்தது, உயரம் குறைந்தது; மான் தீண்டாத பெரணி பரவியது. பெரணி மூடிய தரையில் மர நாற்று மேலே வராது. அந்தக் காட்டில் அடுத்த தலைமுறைக்கு மரமும் இல்லை, தீனியும் இல்லை. வெட்டியவர்மேல் பழி போடும் பல இடங்களில் காட்டைத் தின்று தீர்த்தது மான்கூட்டமே. பெண்மானைச் சுட மனமில்லாத வேட்டைக்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

ஆகவே காட்டு உரிமையாளர்களிடம் என் வேண்டுகோள்: மரவியாபாரி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன், வியாபாரிக்குச் சம்பந்தமில்லாத ஒரு வனவியலாளரை அழைத்துவந்து எது போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று குறியிடச் சொல்லுங்கள். ஓக் நாற்று வரும் இடத்தில் எட்டடி வேலிக்கான செலவை விற்பனைப் பணத்திலேயே ஒதுக்குங்கள். 2003 முதல் அந்த மாநிலத்தில், மிகுதியான பெண்மான்களைக் குறைக்க நில உரிமையாளருக்கே தனி அனுமதிச் சீட்டுகள் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி, பரணில் காத்திருக்கும் வேட்டைக்காரர்களின் கையில் கொடுங்கள்.