ஆங்கிலச் சொல்லறிவோம்: ‘புட் அப்’

இம்மாதம் ‘புட் அப்’ என்னும் வினையை எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் ஒரு விண்ணப்பக் கடிதம். அதை எழுதிய குற்றவாளி அடியேன்தான்.

தண்டவாளமே இல்லாத இத்தீவில் ரயில் முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்திருக்கும் எழுத்தன் நான். பயணச்சீட்டுக்கு வருவோர் கடிதம் எழுதித் தரும்படியும் கேட்பதுண்டு. பம்பூபிளாட்டில் அத்தை வீட்டில் வளரும் பெண்ணொருத்திக்கு அவ்வாறு வேலை விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அத்தையுடன் தங்கியிருக்கிறேன் என்பதை, ‘ஐ ஆம் புட்டிங் அப் வித் மை ஆன்ட்’ என்று எழுதினேன். நேர்முகத் தேர்வில் அதிகாரி ஒருவர் நகைத்து, “உன் அத்தை அவ்வளவு கொடியவரா?” என்று வினவினாராம். ஒன்றும் விளங்காமல் வீடு திரும்பிய பெண் அதைச் சொல்ல, பள்ளியில் படிக்கும் பேரன் அகராதியைப் புரட்டி, “சகித்துக்கொள்ளுதல்” என்று உரக்க வாசித்துவிட்டான். தாயற்ற பிள்ளையை ஐந்து வயது முதல் வளர்த்த அந்த அம்மாள் அன்றிரவு உணவு கொள்ளவில்லை.

‘புட்’ என்றால் வை. ‘அப்’ என்றால் மேலே. அறிவிப்பைச் சுவரில் ஒட்டுவதும், கூடாரம் அமைப்பதும், கையை உயர்த்துவதும் ‘புட் அப்’ ஆவது இதனால் எளிதில் விளங்கும். நம் அரசு அலுவலகங்களில் கோப்பின் ஓரத்தில் ‘ப்ளீஸ் புட் அப்’ என்று அதிகாரி எழுதினால், குறிப்புடன் மேலிடத்துக்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்பது பொருள். வீட்டை விற்பனைக்கு விடுவதும், எதிர்த்துப் போராடுவதும்கூட இச்சொல்லுக்குள் அடங்கும். ‘புட்-அப் ஜாப்’ என்றாலோ முன்கூட்டியே திட்டமிட்ட ஏமாற்று வேலை!

தங்குதல் என்ற பொருள் எங்கிருந்து வந்தது? முற்காலத்தில் இங்கிலாந்து வழிப்போக்கர் சத்திரத்தில் தங்குவதை ‘புட் அப் அட்’ என்றனர். அங்கே அது அருகிவிட்டது; நாம் இன்னும், ‘வேர் ஆர் யூ புட் அப்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இன்றைய ஆங்கிலேயர் ‘ஸ்டே’ என்பதோடு முடித்துக்கொள்வர். ஆனால் இடங்கொடுத்தவரை எழுவாயாக்கி, ‘மை ஆன்ட் புட் மீ அப்’ என்றால், அத்தை எனக்குத் தங்க இடமளித்தார் என்று பொருள்படும். இது நல்ல ஆங்கிலம். எனினும் சில நாள் விருந்தினருக்கே பொருந்தும்.

வினை வருவதெல்லாம் ‘வித்’ வந்து ஒட்டும்போதுதான். தங்குதல் என்ற பொருளிலும் ‘வித்’ வரலாம். ஆயினும் கேட்பவர் காதில் முதலில் விழுவது சகித்தலே. மழையை, கப்பல் தாமதத்தை, மூன்று நாள் கடற்பயணத்து வாந்தியை நாம் ‘புட் அப் வித்’ செய்கிறோம். அத்தையைச் செய்யலாகாது.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விசித்திரம் என்று எண்ண வேண்டாம். நம் ‘வை’யைப் பாருங்கள்: அன்பு வைத்தான், கை வைத்தான், ஒத்திவைத்தான், சிரிக்க வைத்தான், விட்டுவைத்தான். ‘அவள்மேல் அன்பு வைத்தான்’ என்பதில் ஒரு சொல்லை மாற்றி, ‘கை வைத்தான்’ என்றால் காவல் நிலையம் செல்ல நேரும். நாம் வினைக்கு முன்னே சொல்லைச் சேர்க்கிறோம். அவர்கள் பின்னே சேர்க்கிறார்கள்.

ஞாயிறன்று சாத்தாம் துறையில் படகேறி அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். பிழை என்னுடையது, பெண் ஒரு பாவமும் அறியாள் என்று அம்மாளிடம் விளக்கினேன். தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த விண்ணப்பத்துக்கென்று ‘ஐ லிவ் வித் மை ஆன்ட்’ என்று எழுதிக் காட்டினேன்.

“இதற்கு வேறு அர்த்தம் ஒன்றும் இல்லையே, தம்பி?” என்று இரு முறை கேட்ட பின்னரே தேநீர் வந்தது.

இல்லை என்றேன். ஆனால் வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை: நோய், கடன், வலி முதலியவற்றோடு சேரும்போது ‘லிவ் வித்’ என்பதும் சகித்தலையே குறிக்கும். மனிதரோடு சேர்ந்தால் பெரும்பாலும் கூடி வாழ்தல்தான். இதை அன்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இவ்விதழை அப்பேரன் வாசித்துக் காட்டுமுன், அடுத்த ஞாயிறும் நான் படகேற வேண்டும்.